பாசியில் எண்ணெய் உண்டு, எடுப்பதுதான் பாடு

பிலிமத்தலாவையில் மழை விட்டபின் சிமெந்துத் தொட்டியில் நிற்கும் தண்ணீர் சில நாட்களிலேயே பச்சையாகிவிடும். கண்ணுக்குத் தனித்தனியே தெரியாத நுண்பாசிதான் அந்தப் பச்சை. “அதிலிருந்து எண்ணெய் எடுக்கலாமாமே?” என்று எம்மிடம் கேட்கிறார்கள். காணி பூமியை விட்டு வந்து குப்பி விளக்கை நம்பியிருப்பவர்கள் கேட்கத்தானே செய்வார்கள்? 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதை யார் மறப்பார்?

எடுக்கலாம் என்பது உண்மை. ஆனால் கணக்கைப் பாருங்கள். நன்றாகப் பாசி பிடித்த குளத்து நீரிலும் லீற்றருக்கு அரைக் கிராம் அளவே உலர்ந்த பாசி தேறும். அதில் கால்பங்கு எண்ணெய் என்று தாராளமாக வைத்தாலும், ஒரு லீற்றர் எண்ணெய்க்கு 4 கிலோ பாசி, அதாவது 8,000 லீற்றர் நீர் வேண்டும். வடித்துக் களியாக்கினால் 20 கிலோ வரும். அதில் 16 கிலோ தண்ணீர். அதை வற்றவைக்கச் செலவாகும் சூடு, கிடைக்கும் எண்ணெய் முழுவதையும் எரித்தால் வரும் சூட்டைவிட அதிகம்! மூன்று கல் அடுப்பென்றால் 15 கிலோ விறகாவது போய்விடும். வெயிலில் உலர்த்தலாமே என்பீர்கள். கண்டிப் பக்கத்து மழையில் களி காயுமுன் அழுகிவிடும்.

கொப்பராவாக உலர்த்தாமலே தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எண்ணெய் எடுப்பது நம் பெண்களுக்குத் தெரிந்த வேலை. அங்கே திருவலை பாதி வேலையைச் செய்துவிடுகிறது. பாசிக்கோ திருவலை இல்லை. அதன் தோல் தடிப்பு, எண்ணெய் உள்ளே.

அமெரிக்காவின் பசிபிக் வடமேற்குத் தேசிய ஆய்வுகூடம் 2013இல் ஒரு வழி காட்டியது. ஈரக் களியை அப்படியே, ஏறத்தாழ 350 பாகைச் சூட்டில், வளிமண்டலத்தைப்போல் 200 மடங்கு அமுக்கத்தில் அவித்தார்கள். அந்த அமுக்கத்தில் தண்ணீர் ஆவியாகப் போவதில்லை. உலர்த்தும் செலவு மிச்சம். ஒரு மணித்தியாலத்துக்குள் மசகெண்ணெய் பிரிந்தது. ஆயினும் பாசி வளர்ப்பதே பெருஞ்செலவு. 2009இல் இத்துறையில் இறங்கிய எக்ஸன்மொபில் கம்பனியும் பின்னர் கைவிட்டது.

இதை வீட்டில் பரலை அடைத்து அவித்துப் பார்க்க வேண்டாம். வெடித்தால் உயிருக்கே ஆபத்து. குளத்துப் பாசியை வாரவும் வேண்டாம். 1999இல் கண்டி வாவியில் படர்ந்தது நச்சுப் பாசி.

ஈரமாகவே பயன்படுவது நம் கைக்கெட்டிய தூரத்தில் சாணமே. சாணவாயுத் தொட்டிக்கு எதையும் உலர்த்த வேண்டியதில்லை. இரண்டு மூன்று மாடுகளின் சாணம் சிறு குடும்பமொன்றின் சமையலுக்குப் போதும், மிஞ்சும் கூழ் மரக்கறிப் பாத்திக்கு. மாடு கட்ட இடமில்லாதவர்கள் இரண்டு மூன்று வீடாகச் சேர்ந்து ஒரு தொட்டி கட்டலாமா என்று பேசிப் பாருங்கள்.