விமான நிலையத்துக்குப் போகும் முன்பே மாற்றிவிடுங்கள்

சிங்கப்பூர் கிளம்புகிறவர்கள் டிக்கெட் விலையில் ஐந்நூறு ரூபாய் குறைக்க நாலு இணையதளம் தேடுவார்கள். டாலர் வாங்குவதை மட்டும் விமான நிலையக் கவுன்டருக்கு விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் விலை கூடுதலாக இருக்கும் இடமே அதுதான்!

'கமிஷன் கிடையாது' என்ற பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம். இணையத்தில் தெரிவது வங்கிகள் தமக்குள் பெரிய தொகையை மாற்றிக்கொள்ளும் விலை. கடைக்காரர் அதற்கு மேல் வைத்து விற்கிறார். அந்த வித்தியாசத்தில்தான் அவருடைய லாபம் இருக்கிறது. ஒரு டாலருக்கு 2 ரூபாய் கூடினால், ஆயிரம் டாலருக்கு 2,000 ரூபாய் போய்விடும். ஆகவே, "ஜிஎஸ்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து ஆயிரம் டாலருக்கு மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற இரண்டு மூன்று இடங்களில் கேட்டாலே வித்தியாசம் புரிந்துவிடும்.

வாங்கும் டாலரின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் ரொக்கம் செல்லாது, வங்கி வழியாகத்தான் செலுத்த வேண்டும்.

எல்லாவற்றையும் நோட்டாக வாங்கவும் தேவையில்லை. டாக்சிக்கும் சாப்பாட்டுக்கும் கொஞ்சம் ரொக்கம், மீதி, முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டில். அங்கே போனபின் அவசரமாகத் தேவைப்பட்டால், லிட்டில் இந்தியாவின் முஸ்தபா சென்டர் பக்கம் உரிமம் பெற்ற பணமாற்றுக் கடைகள் உண்டு. இந்திய வங்கிக் கார்டைத் தேய்க்கும்போது, "ரூபாயிலா, சிங்கப்பூர் டாலரிலா?" என்று இயந்திரம் கேட்டால் டாலரையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் மாற்று விலையைக் கடைக்காரர் தரப்பு தீர்மானிக்கும். அது அநேகமாக நமக்கு நஷ்டம்.

டாலர் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். மிஞ்சிய நோட்டுகளில் 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை கையில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருப்பதை ஊர் திரும்பிய 180 நாளுக்குள் ஒப்படைத்துவிட வேண்டும்.