தபாலில் ஏறாத துவக்கு

திருக்கோணமலைக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்துக் கடலோரமாகக் கிடக்கும் சிற்றூர் சல்லி. அம்மன் கோயிலால் பெயர் பெற்றது. அவ்வூரிலே பள்ளி ஆசிரியர் ஒருவர், தம் மாணவரைக் கொண்டு பண்டாரவன்னியன் நாடகத்தை மேடையேற்ற முயலுகின்றார் என்று வைத்துக் கொள்வோம். 1803ஆம் ஆண்டின் கதை அது. வன்னியனுக்கு வாள் செய்துவிடலாம்; வெள்ளைத் தளபதியின் இடுப்பில் செருகுவதற்குச் சக்கிமுக்கிக் கல் பொருத்திய கைத்துவக்கு ஒன்று வேண்டுமே! அமெரிக்காவிலே குடியேறிய மைத்துனர், "அதற்கென்ன, இங்கே பழைய பாணியில் புதிதாகச் செய்து கடைகளில் விற்கிறார்கள், ஒன்றை வாங்கித் தபாலில் போட்டுவிடுகிறேன்" என்று எழுதுகின்றார். அன்பினால் எழுந்த இச்சொல், பெறுபவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதே நாம் ஆராயப் புகுந்த பொருள்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழகத்தார் துப்பாக்கி என்பதை ஈழத்தார் துவக்கு என்கின்றனர். சிங்களவர் துவக்குவ என்பர். மூன்றும் துருக்கிய மொழிச் சொல் ஒன்றின் கிளைகளே. 'துவக்கு' என்றதும் 'தொடங்கு' என்று பொருள் கொண்டு மயங்கும் தமிழகத்து நண்பர்கள் இன்றும் உளர். வாய்வழியே மருந்திட்டு, கோலால் இடித்து இறுக்கிச் சுடும் நாட்டுத்துவக்குக்கு நம் ஊர்ப்புறங்களில் 'இடியன்' என்று பெயர். எவ்வளவு பொருத்தமான பெயர்! இடிப்பதும் அதுவே, இடிபோல் முழங்குவதும் அதுவே.

அதன் தொழிற்பாடு எளிது. வெடியுப்பு, கந்தகம், கரி என்னும் மூன்றும் சேர்ந்த கரும்பொடியே மருந்து. அதனைக் குழலின் வாயில் இட்டு, மேலே சன்னத்தையோ உருண்டையையோ வைத்து இடிப்பர். விசையை இழுத்தால், குதிரை என்று நாம் அழைக்கும் சுத்தி பாய்ந்து, அதன் வாயில் கவ்விய கல் எஃகில் உராயும். பொறி கிண்ணியில் விழும். கிண்ணியின் தீ சிறுதுளை வழியே உள்ளே புகும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கல்லுக்குப் பதிலாகக் கேப்பு வந்தது. அதன் பின்னரே மருந்தும் குண்டும் கேப்பும் ஒன்றாய் அடங்கிய தோட்டா பெருவழக்காயிற்று. தோட்டா ஏற்கும் கருவி, ஏற்காத கருவி என்னும் இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் இருத்திக் கொள்ள வேண்டும். அமெரிக்கச் சட்டம் பெரும்பாலும் இதன்மேலேயே நிற்கின்றது.

இத்தீவுக்கு இக்கருவி போர்த்துக்கேயரோடு வந்தது என்பர். வந்த நூறாண்டுக்குள் மாணவன் ஆசிரியனை மிஞ்சிவிட்டான். தொடக்கத்தில் ஒரு துவக்குக் கூட இல்லாதிருந்த தீவிலே இருபதினாயிரத்துக்கு மேற்பட்டவை உண்டாயின என்றும், இங்குள்ள கம்மியரின் வேலைப்பாடு மிகச் சிறந்தது என்றும் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் தியோகோ தோ கோட்டோ வியந்து எழுதினார். சிங்களக் கம்மியர் செய்த துவக்குகள் பலவற்றிலே பொறியமைப்பு வலப்புறத்தில் அன்றி இடப்புறத்தில் அமைந்திருப்பது ஒரு புதுமை. வெடியுப்பும் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. கண்டி நாட்டு மலைக்குகை ஒன்றிலே அதனைத் திரட்டி எடுத்த முறையை ஜோன் டேவி என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1821இல் வெளியிட்ட தம் நூலில் விவரித்துள்ளார். திருக்கோணமலைத் துறைமுகமோ இம்மருந்தின் புகையிலேயே நெடுங்காலம் கழித்தது. 1624இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தனர். 1782இல் பிரெஞ்சுக்காரர் புகுந்தனர். 1795இல் ஆங்கிலேயர் கைக்கொண்டனர்.

நிற்க. மைத்துனரின் பொதிக்கு வருவோம்.

அவர் வாழும் நாட்டிலே 1927ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. உடையுள் மறைத்து எடுத்துச் செல்லத்தக்க கைத்துப்பாக்கிகளைத் தபாலில் அனுப்பலாகாது என்பது அதன் சாரம். பின்னர் 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 'பழங்காலத் துப்பாக்கி' என்பதற்கு இலக்கணம் வகுத்தது. 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்டவை பழையவை. இது விளங்குகின்றது. ஆனால் நேற்றுத்தான் ஆலையில் வார்க்கப்பட்டதாயினும், தோட்டா ஏற்காது, வாய்வழியே கரும்பொடி இட்டுச் சுடுவதாயின், அதுவும் பெரும்பாலும் 'பழங்காலத்தது' என்றே கொள்ளப்படும்! காலத்தால் பழமை, அமைப்பால் பழமை என இருவகைப் பழமையை அந்நாட்டார் கண்டனர் போலும். அத்தகையவற்றை அரும்பொருளாகவோ அருங்காட்சியகப் பொருளாகவோ உள்நாட்டுத் தபாலில் ஏற்றுக்கொள்ளவும் அங்குள்ள தபால் விதிகளில் இடமுண்டு. மைத்துனரின் துணிச்சலுக்குக் காரணம் இதுவே. தம் ஊர்க் கடைக்காரர் சொன்னதை அவர் உலகத்துச் சட்டமாக எண்ணிவிட்டார்.

இலங்கையில் பழமை வேறோர் அளவுகோலால் அளக்கப்பட்டது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டம் வகுத்த எல்லைக் கோடு 1815 மார்ச் 2ஆம் நாள். அன்றுதான் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அரசு ஒன்று முடிந்த நாளையே தொன்மையின் முடிவு நாளாகக் கொண்டது பொருள் நிறைந்த செயல். ஆயின் தொல்பொருள் என்ற பட்டம் இங்கே விலக்கு அளிப்பதன்று, கட்டுக் கூட்டுவது. தொல்பொருளை நாட்டை விட்டு அனுப்ப உத்தரவு பெறவேண்டும். அமெரிக்காவில் கதவைத் திறக்கும் அதே சொல் இலங்கையில் கதவை அடைக்கின்றது. பழைய பாணியில் புதிதாகச் செய்த கருவியோ இந்தச் சட்டத்தின் கீழ் வரவே வராது. அது வெறுந் துவக்கு. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் சட்டத்தின் முன்னே உரிமம் காட்டவேண்டிய பொருள். பயிர்காக்கும் துவக்குக்கு உரிமம் மாவட்டச் செயலகத்தில். கைத்துவக்குக்கோ பாதுகாப்பு அமைச்சு வரை போகவேண்டும். மருந்துக்கு 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட் சட்டம் தனியே உண்டு.

இந்தியச் சட்டம் எமக்கு நுட்பமாகத் தோன்றுகின்றது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 45ஆம் பிரிவிலே, வழக்கொழிந்த பாணியின, தொன்மை மதிப்புடையன, பழுதுற்றன ஆகியவற்றுக்கு விலக்கு அளிக்கின்றது. ஆனால் ஒரு நிபந்தனை: பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது சுடத் தகாததாக இருக்க வேண்டும். ஆண்டைக் கேளாமல், 'சுடுமா, சுடாதா?' என்று கேட்பது இவ்விதி. பாட்டனார் காலத்துத் துப்பாக்கி என்று பெருமை பேசிப் பயனில்லை. ஒரு கொல்லன் அரைநாளில் சரிசெய்து விடுவானாயின் விலக்கு இல்லை. (குடகு மக்களுக்கு ஆங்கிலேயர் காலத்திலிருந்து வழங்கிவரும் விலக்குத் தனிக் கதை.)

அனைத்துலகத் தபாலின் விதிக்கு ஐயமே இல்லை. 1874இல் பேர்ண் நகரத்து உடன்படிக்கையால் எழுந்த தபால் ஒன்றியம், வெடிபொருளையும் எளிதில் தீப்பற்றுவனவற்றையும் தபாலில் இடுவதைத் தடுத்துள்ளது. வெடியாத வெற்றுக் குண்டுகள் போன்ற போர்க்கலப் போலிகளும் அத்தடையில் அடங்கும். ஆபத்தான சரக்குகளுக்கு ஐக்கிய நாடுகள் வகுத்த பட்டியலில் மணியாகவோ பொடியாகவோ உள்ள கரும்பொடிக்கு 0027 என்பது எண், பிரிவு 1.1. திரள் முழுவதும் ஒருங்கே வெடிக்கத்தக்கது என்பது அப்பிரிவின் பொருள். ஆகாயத்தபால் அதைத் தொடாது. தன் குடிமகன் விளையாட்டுக்கும் பண்பாட்டு நிகழ்ச்சிக்கும் ஐம்பது இறாத்தல் வரை உத்தரவின்றி வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுக்கொடுத்த அமெரிக்காவும், அதிற் சிறிதையேனும் தபாற்பையில் இட விடுவதில்லை.

"மருந்தை யார் அனுப்பினார்கள்? வெறுங் கருவிதானே!" என்பார் மைத்துனர். புதிய கருவியாயின் ஒப்பலாம். உண்மையிலேயே பழைய கருவியாயின், குழல் வெறுமையாக இருக்கின்றது என்பதற்கு யார் பொறுப்பு? வாய்வழித் துவக்கைப் பார்த்த மாத்திரத்தில் உள்ளே மருந்து இருக்கின்றதா என்று அறிய முடியாது. பரணில் நூறாண்டு கிடந்த துவக்குகளின் குழலில் இட்ட மருந்து இட்டபடியே இருக்கக் கண்டதுண்டு. கரும்பொடி ஈரம் படாதவரை முதுமை அடைவதில்லை. 2008இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலே, ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்கு முந்திய உள்நாட்டுப் போர்க்காலப் பீரங்கிக் குண்டு ஒன்றைத் தூய்மை செய்துகொண்டிருந்தவர், அது வெடித்து இறந்தார். அவர் அத்துறையிலே கைதேர்ந்தவர். குழலுள் ஒரு கோலை விட்டு, அது நின்ற ஆழத்தை வெளிப்புற நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பழையோர் முறை. அதனையும் அறிந்தவர் செய்யவேண்டும். நூல் படித்துச் செய்வதன்று.

திருக்கோணமலை மாவட்டத்தவர்க்கு இவ்விடயம் வெறும் ஏட்டு ஆராய்ச்சி அன்று. முப்பதாண்டுப் போர் 2009இல் முடிந்த மண் இது. இங்கே ஒரு பொதிக்குள் துவக்கின் வடிவம் தெரிந்தால், அது நாடகத்துக்கு வந்தது என்பதை மெய்ப்பிக்கும் சுமை, அனுப்பியவர் தலையில் அன்று, பெயர் எழுதப்பட்ட ஆசிரியர் தலையிலேயே விழும். அவர் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடக்கும் நாளில் மைத்துனர் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருப்பார். வெடிவைத்து மீன் பிடிப்பதை 1996ஆம் ஆண்டின் கடற்றொழிற் சட்டம் தடுத்தும் அது முற்றாக ஒழியாத கரை இது ஆதலால், வெடிமருந்து என்ற சொல்லுக்கே இங்கு நிழல் நீளம். உள்நாட்டுக் காடுகளில் காட்டுப்பன்றிக்கென்று கம்பி கட்டி வைக்கும் கட்டுத்துவக்கும் இந்த இடியன் இனத்ததே. அது விலங்கோடு வழிப்போக்கர் காலையும் உடைக்கின்றது. 'பழங்காலப் பொருள், தீங்கற்றது' என்று அதிகாரியிடம் வாதிடுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தொன்மையான துவக்குகள் கடல் கடந்து முறையாக வந்ததே இல்லையா எனின், வந்ததுண்டு. 1765இல் ஒல்லாந்தத் தேசாதிபதி வன் எக்கின் படை கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது கொண்டுசென்ற பொருள்களுள் ஆறினை 2023ஆம் ஆண்டு நெதர்லாந்து அரசு திருப்பி அளித்தது. மணிக்கற்கள் இழைத்த லெவுக்கே திசாவையின் பீரங்கி அவற்றுள் தலையாயது. பொன்வாள், வெள்ளிவாள், கத்தி ஆகியவற்றோடு துவக்குகள் இரண்டும் இருந்தன. ஆண்டுக்கணக்கில் ஆய்வாளர் இருநாட்டு ஏடுகளையும் புரட்டி, பொருளின் வழிவரலாற்றை நிறுவி, அரசுகள் உடன்படிக்கை செய்த பின்னரே அவை கொழும்பு வந்து சேர்ந்தன. பழந்துவக்கு ஒன்று எல்லை கடப்பதற்கு வேண்டிய தாள்கள் துவக்கைவிடக் கனமானவை என்று சொன்னால் மிகையாகாது.

ஆகவே சல்லி ஆசிரியர் என்ன செய்வது? கருவியே வேண்டுமென்று அடம்பிடித்தால், பொதி புறப்படுவதற்கு முன்னரே பாதுகாப்பு அமைச்சுக்கு எழுதி, எழுத்து மூலம் விடை பெறவேண்டும். பொதி வந்து சுங்கத்தில் கிடக்க, பின்னர் விண்ணப்பம் எழுதுவது, வெள்ளம் வந்தபின் அணை கோலுவது. பொதியின்மேல் ஒட்டும் சி.என். 22, சி.என். 23 என்னும் சுங்கத் தாள்களிலே 'விளையாட்டுப் பொருள்' என்று எழுதச் சொல்லும் நண்பரின் யோசனையைக் காதிலும் வாங்கலாகாது. பொய்யான விவரம் தானே ஒரு தனிக் குற்றம்.

எமக்குத் தோன்றுவது எளிய வழி. முள்முருக்கு இளகிய மரம். உளிக்கு நன்றாக இடங்கொடுக்கும். ஊர்த் தச்சரிடம் ஒரு படத்தைக் கொடுத்தால் ஒருநாள் வேலை. கூத்துக் கலைஞர் மரத்தில் வில்லும் கதையும் செய்து காலங்காலமாக அரசர்களைக் கொன்றிருக்கின்றனர். ஒரு வெள்ளைத் தளபதியின் இடுப்புக்கு இது போதாதா? குழலுக்குக் கருமை பூசி, பிடிக்குப் பித்தளைத் தகடு அடித்துவிட்டால் மூன்றாம் வரிசையில் இருப்பவர்க்கு வேறுபாடு தெரியாது. வெடியோசைக்குத் திரைமறைவில் மத்தளக்காரர் இருக்கவே இருக்கின்றார். குதிரை விழும் கணத்தை அவருக்குக் கண்ணால் காட்ட ஒரு மாணவனை மட்டும் பக்கத்தில் நிறுத்தி வைக்கவேண்டும்.