நாற்பது வயதுக் காருக்கு நாதி இல்லை

திருச்சி உறையூரில், சித்தப்பா வீட்டுக் கொட்டகையில் இரண்டு கார்கள் நிற்கின்றன. ஒன்று 1963 ஹெரால்டு. பெருங்களத்தூரில் பிறந்தது. பானெட்டைத் தூக்கினால் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் முன்னால் கவிழும். எஞ்சின் சக்கரங்களோடு வெட்டவெளியில் நிற்கும். இன்னொன்று 1986 பத்மினி. வெளிர் பச்சை, ஸ்டியரிங்கிலேயே கியர். ஹெரால்டு பழங்கார் ஊர்வலத்துக்குப் போய்க் கோப்பை வாங்கி வரும். பத்மினி காந்தி மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி வாங்கி வரும்.

2021-இல் பத்மினியை எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்தபோது கட்டணம் 600 ரூபாய். ஐந்து ஆண்டு கழித்து, 2026-இல் அதே வேலைக்கு 10,000.

இந்த ஏற்றம் ஒரே நாளில் வந்ததல்ல. 2022 ஏப்ரலில் 15 வயது தாண்டிய கார்களுக்கு 600 என்பது 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வயது தாண்டியவற்றுக்கு அதுவும் இரட்டிப்பானது. டூவீலருக்கு 300 ஆயிரமாகி, ஆயிரம் இரண்டாயிரமானது. இறக்குமதிக் காரின் கணக்கைக் கேட்டால் தலை சுற்றும்: 15,000, பிறகு 40,000, இப்போது 80,000. எண்பதுகளில் வளைகுடாவிலிருந்து ஆசையாகக் கப்பலில் ஏற்றி வந்த ஜப்பான் காரை இன்னும் வைத்திருப்பவர், காரின் விலையைவிடக் கட்டணம் அதிகமோ என்று யோசிக்க வேண்டிய நிலை. இவை கட்டணம் மட்டும்தான். டிங்கரிங், பெயின்ட், எஃப்.சி.க்கு முன் மெக்கானிக்கிடம் கொடுப்பது எல்லாம் தனி.

பக்கத்தில் நிற்கும் ஹெரால்டுக்கோ சட்டம் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறது. 2021 ஜூலையில் வந்த விதிப்படி, 50 வயது தாண்டி, அசல் வடிவம் கெடாமல் இருக்கும் வண்டி ‘விண்டேஜ்’. புதிதாகப் பதிய 20,000, பிறகு மறுபதிவுக்கு 5,000. பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனி எண் வரிசை. இருபது ஆண்டுக்குக் கூட்டிப் பாருங்கள். விண்டேஜுக்கு 25,000. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பத்தாயிரம் என்ற கணக்கில் மற்றதற்கு 40,000. கோப்பை வாங்கும் காருக்குக் குறைவு, காய்கறி வாங்கும் காருக்கு அதிகம்.

விண்டேஜ் மரியாதைக்கும் ஒரு விலை உண்டு. கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்குத்தான் சாலையில் இறக்கலாம். அன்றாட ஓட்டம் கூடாது, வணிகமும் கூடாது. நம் ஊரில் பழைய திறந்த கார் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஜானவாசம். மாலை போட்ட மாப்பிள்ளை, மடியில் அக்கா பிள்ளை, முன்னால் நாதஸ்வரம், நடைவேகத்தில் ஊரும் அகலமான அமெரிக்கக் கார். அரை நூற்றாண்டாக அந்த வண்டிகளின் டயர் செலவுக்கு வழி செய்தது இந்தக் கல்யாண வாடகையும் சினிமா ஷூட்டிங்கும்தான். விண்டேஜாகப் பதிந்தால் அந்த வரும்படிக்கு இடமில்லை.

ஆனாலும் அந்தக் கார்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை கிடையாது. அவற்றை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் வசதியானவர்கள், எப்படியோ சமாளிப்பார்கள். என் கவலையெல்லாம் பத்மினியைப் பற்றித்தான். கான்டஸா, முதல் தலைமுறை மாருதி 800, மூன்றே ஆண்டுகள் வாழ்ந்து 1988-இல் முடிந்துபோன ஸ்டாண்டர்டு 2000 எல்லாம் இதே வரிசை. காயலான் கடைக்கு வயதாகிவிட்டது, காட்சிக்கூடத்துக்கு வயது போதவில்லை. இருபதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே முப்பது ஆண்டு வனவாசம். ஐம்பதாயிரம்கூடப் பெறாத மாருதிக்கு ஐந்தாண்டுக்கொரு முறை பத்தாயிரம் கட்ட யாருக்கு மனசு வரும்? கட்ட மனசில்லாத வண்டி உடைப்புக்குத்தான் போகும். ராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸ்கள் பிழைத்துவிடும். நடுத்தரக் குடும்பம் முதன்முதலாகக் கதவைச் சாத்தி உட்கார்ந்த கார், 2040-இல் ஒரு ஊர்வலத்திலும் இருக்காது.

பழங்கார்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு 30 வயதிலேயே ஒரு காரை வரலாற்று வாகனமாக ஏற்கிறது. ஜெர்மனியிலும் 30 ஆண்டு கடந்து, அசலாக இருந்தால் எண் பலகையின் கடைசியில் ‘எச்’ எழுத்து கிடைக்கும். பெரும்பாலும் ஆண்டுக்கு 191 யூரோ சொச்சம் ஒரே வரி. எந்தத் தெருவிலும் ஓட்டலாம். பிரிட்டனில் 40 கடந்தால் சாலை வரியே இல்லை. வெயிலும் உப்புக்காற்றும் தகரத்தைத் தின்னும் நம் ஊரில்தான் 50 வரை காத்திருக்கச் சொல்கிறோம்.

பழைய எஞ்சின் புகை கக்கும், நகரத்தின் காற்று கெடும் என்பது மறுதரப்பு. உண்மைதான். ஆனால் வாரம் ஒருமுறை மார்க்கெட்டுக்குப் போய் வரும் காரையும் தினம் நூறு கிலோமீட்டர் ஓடும் காரையும் ஒரே தராசில் வைப்பது என்ன கணக்கு?

‘அசல் வடிவம்’ என்ற நிபந்தனையில் இன்னொரு முள் இருக்கிறது. பெட்ரோல் விலைக்குப் பயந்து பத்மினிக்கும் அம்பாசடருக்கும் டீசல் எஞ்சின் மாற்றிக்கொண்ட குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அவை ஐம்பதைத் தொட்டாலும் விண்டேஜ் ஆவது கடினம். அந்தக் காலத்துக் குடும்பக் காரின் வரலாறே அந்த எஞ்சின் மாற்றம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது; அதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

போன மாதம் சென்னை வந்த சித்தப்பாவோடு புதுப்பேட்டைக்குப் போனேன். பத்மினியின் முன்கதவுக் கண்ணாடி ஏற்றும் கைப்பிடி தேடினோம். நாலாவது கடையில் கைப்பிடி இல்லை, முழுக் கதவே இருந்தது, அதுவும் இரண்டு. ஒன்றில் யாரோ குழந்தை ஒட்டிய பிள்ளையார் ஸ்டிக்கர் பாதி உரிந்து கிடந்தது. கடைக்காரர் கைப்பிடியைத் தனியாகக் கழற்றித் தர மறுத்துவிட்டார். “எடுத்தா கதவோட எடுங்க சார். இனிமே இதெல்லாம் நிறைய வரும், அவசரமே இல்ல” என்றார்.

கதவைப் பஸ்ஸில் எப்படிக் கொண்டுபோவது என்று யோசித்தபடியே டீ குடித்தோம். சித்தப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு தினசரி காலண்டர் தாளை எடுத்துக் காட்டினார். பின்பக்கத்தில் பென்சிலால் கணக்கு: 2026 – 10,000. 2031 – 10,000. அதற்குக் கீழே 2036 என்று எழுதி வட்டமிட்டிருந்தது.

“அன்னிக்கு அதுக்கு அம்பது. எனக்கு எண்பத்து நாலு” என்றார். “சரி, நீ கதவைப் பேசி முடி. ஆயிரத்துக்கு மேல போகாதே.”