அந்த ஒரு நிமிடம் பதிவாகுமா?

படாளம் கூட்டுரோட்டுக்குக் கொஞ்சம் முன்னால், ஜி.எஸ்.டி. சாலையின் இடது ஓரமாக ராங் ரூட்டில் வந்த ஒரு மினி வேன், என் காரின் பக்கக் கண்ணாடியைப் பெயர்த்து, இரண்டு கதவுகளிலும் நீளமாகக் கோடு இழுத்துவிட்டுப் போனது. யாருக்கும் அடியில்லை. வேன் நிற்கவும் இல்லை. "விடுங்க மாமா, கேமரா இருக்கே, நம்பர் கிடைச்சிடும்" என்றான் பக்கத்தில் இருந்த அக்கா மகன். வீட்டுக்கு வந்து மெமரி கார்டை மடிக்கணினியில் செருகினோம். கடைசிப் பதிவு 23 நாட்களுக்கு முந்தையது. அந்த 23 நாளும் வண்டியைக் கிளப்பியதும் கேமராவின் திரை எரிந்தது, சாலை அதில் தெரிந்தது. ஒரு நொடிகூடக் கார்டில் எழுதப்படவில்லை.

சாலையைப் பதிவுசெய்ய முன்கண்ணாடியில் ஒட்டும் இந்தக் கேமராதான் டேஷ்கேம். விலை குறைந்த டேஷ்கேம் வாங்கப் போகிறவர்கள் படம் எவ்வளவு தெளிவு என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். நானும் அதைத்தான் விசாரித்தேன். கேட்க வேண்டியது வேறு. அடிபடும் அந்த ஒரு நிமிடம் கார்டில் ஏறி, பத்திரமாக மூடப்பட்டு, நாளைக்குத் திறந்து பார்க்கும்படி இருக்குமா? இது உறுதியானால் 3,000, 4,000 ரூபாய்க் கேமராவே நம்மில் பெரும்பாலோருக்குப் போதும்.

கைபேசியின் கேமரா நாம் சொன்னால்தான் படம் பிடிக்கும், பிடித்ததை வைத்துக்கொள்ளும். டேஷ்கேம் ஓயாமல் பிடிக்கும். பிடித்ததையெல்லாம் அழித்துக்கொண்டே போகும். வண்டி ஓடும் நேரத்தை ஒன்று, மூன்று அல்லது ஐந்து நிமிடத் துண்டுகளாக வெட்டித் தனித்தனிக் கோப்புகளாக எழுதுகிறது. கார்டு நிறைந்ததும் மிகப் பழைய துண்டின் மேல் புதியது ஏறுகிறது. முழு எச்டி எனப்படும் 1080பி தரத்தில், நொடிக்கு 15 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேர ஓட்டத்துக்கு ஏறத்தாழ 6.75 ஜிபி இடம் பிடிக்கும். 64 ஜிபி கார்டில் ஒன்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். சென்னையிலிருந்து மதுரைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் புறப்பட்ட இடம் கார்டில் இருக்கும். திரும்பி வந்தால் இருக்காது.

இந்தத் துண்டுகளுக்குள் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பல கேமராக்கள் எழுதும் எம்பி4 கோப்பில், எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை கடைசியில்தான் எழுதப்படுகிறது. புத்தகம் முழுவதையும் அச்சடித்து முடித்தபின் பொருளடக்கத்தை ஒட்டுவதுபோல. துண்டு முடிவதற்குள் மின்சாரம் போய்விட்டால் காட்சிகள் கார்டில் கிடக்கும், ஆனால் கோப்பு திறக்காது. மோதலின்போது போகக்கூடியதும் மின்சாரம்தான். செருகி கழலலாம், பேட்டரி ஒயர் அறுந்துபோகலாம். ஆக, நமக்கு மிகவும் தேவைப்படும் துண்டுதான் மிகவும் ஆபத்தில் இருக்கும் துண்டு. அதனால்தான் பெரும்பாலான டேஷ்கேம்களின் உள்ளே சொந்தமாகக் கொஞ்சம் மின்சாரம் சேமித்து வைத்திருக்கிறார்கள். சில நொடி தாங்கினால் போதும், கோப்பை ஒழுங்காக மூடிவிடலாம்.

அந்தச் சேமிப்பு எதில் இருக்கிறது என்பதைத்தான் நான் கடையில் முதலில் கேட்பேன். லித்தியம் பேட்டரியா, சூப்பர் கெப்பாசிட்டரா? சித்திரை வெயிலில் மூடிய காரை ஒரு மணி நேரம் நிறுத்தினால் உள்ளே சூடு 60 டிகிரியைத் தாண்டும். நேர்வெயில் படும் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தொடும். பொதுவாக லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. வெயிலில் கிடந்த காரைக் கிளப்பியதும் கேமரா அதைத்தான் செய்கிறது. இரண்டு கோடையில் பேட்டரி உப்பி, கேமராவின் முதுகு பிளந்து நிற்கும். சூப்பர் கெப்பாசிட்டரில் வேதிவினை இல்லை. தகடுகளின் மேல் மின்னூட்டம் சேர்ந்து நிற்பது மட்டுமே. அது மிகக் கொஞ்சம்தான் சேமிக்கும், ஆனால் இந்தச் சூட்டைத் தாங்கும், ஆயிரக்கணக்கான முறை நிறைந்து வடியும். நம் ஊருக்கு இதுதான். பெட்டியின் மேல் 'சூப்பர் கெப்பாசிட்டர்' என்று இல்லாவிட்டால், பேட்டரி இருப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கார்டு. என் 23 நாள் மௌனத்துக்குக் காரணமே அதுதான். மெமரி கார்டின் உள்ளே ஒவ்வொரு செல்லிலும் மின்னூட்டத்தை அடைத்தும் நீக்கியும்தான் எழுதுகிறோம், அழிக்கிறோம். ஒவ்வொரு முறையும் அந்தச் செல்லின் காப்புப் படலம் கொஞ்சம் தேய்கிறது. கார்டின் தரத்தைப் பொறுத்துச் சில நூறு முறையிலிருந்து சில ஆயிரம் முறை வரை தாங்கும். கைபேசியில் புகைப்படம் போட்டு வைக்கும் கார்டு வருடத்துக்கு இரண்டு முறை நிறைந்தால் அதிகம். நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடும் வாடகைக் காரில் அதே 64 ஜிபி கார்டு தினமும் ஒரு முறை முழுதாக அழிந்து எழுதப்படுகிறது. தேய்ந்த கார்டு பெரும்பாலும் ஒரேயடியாகச் செத்துவிடாது. 'படிக்க மட்டும்' என்ற நிலைக்குப் போய்விடும். பழைய கோப்புகள் அப்படியே இருக்கும், புதிதாக ஒன்றும் ஏறாது. மலிவான கேமரா அதைச் சத்தம் போட்டுச் சொல்லாது.

ஆகவே 'ஹை எண்டியூரன்ஸ்' என்று அட்டையில் அச்சிட்ட கார்டைக் கேளுங்கள். இடைவிடாத பதிவுக்கென்றே செய்யப்படுவது இது. சில நூறு ரூபாய் கூடும். கேமரா ஏற்குமானால் 32 ஜிபிக்குப் பதில் 128 ஜிபி போடுங்கள். அதே எழுத்து வேலை நான்கு மடங்கு இடத்தில் பரவுவதால் தேய்மானம் நாலில் ஒன்றாகும். பெரிய கார்டு வாங்குவதற்கு இதுவே முக்கியக் காரணம். கேமராவோடு இலவசமாக வரும் கார்டை நம்ப வேண்டாம். 128 என்று அச்சிட்டு உள்ளே எட்டோ பதினாறோ ஜிபி மட்டுமே இருக்கும் போலிகளும் சந்தையில் உண்டு. மாதம் ஒரு முறை கேமராவின் மெனுவிலிருந்தே கார்டை ஃபார்மேட் செய்யுங்கள். அதற்கு முன் கடைசிக் கோப்பைத் திறந்து, இன்றைய சாலை அதில் ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை இது. நான் செய்யத் தவறியதும் இதைத்தான்.

கேமராவுக்குள் மோதலை உணர ஓர் உறுப்பு உண்டு. ஜி-சென்சார் என்பார்கள். கைபேசியைத் திருப்பினால் திரை திரும்புகிறதே, அதே இனத்தைச் சேர்ந்த முடுக்கமானிதான். சிலிக்கானில் செதுக்கிய நுண்ணிய துண்டு, அசைவில் இம்மியளவு நகர்வதை மின்குறியாக மாற்றுகிறது. பெரிய அதிர்ச்சி வந்தால் அப்போது ஓடும் கோப்பை 'அழிக்காதே' என்று பூட்டிவைக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் நம் வேகத்தடைகளும் தோண்டி மூடாத குழாய்ப் பள்ளங்களும் அதற்கு விபத்தாகவே தெரிகின்றன. உணர்திறன் 'ஹை'யில் இருந்தால் தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போவதற்குள் ஐந்தாறு கோப்புகள் பூட்டப்பட்டுவிடும். சில வாரங்களில் கார்டு முழுவதும் பூட்டிய கோப்புகள், புதியதற்கு இடமில்லை. 'லோ'வில் வையுங்கள். உண்மையான மோதல் எப்படியும் அதைத் தாண்டும்.

இனிப் படத்துக்கு வரலாம். 1080பி படத்தில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். 4கே படத்தில் 83 லட்சம். 2,500 ரூபாய்க் கேமராவின் பெட்டியில் 4கே என்று போட்டிருந்தால், பெரும்பாலும் உள்ளே ஒளியைப் படமாக்கும் உணரி சின்னது. இல்லாத புள்ளிகளைக் கணக்குப் போட்டு நிரப்பியிருப்பார்கள். உணரியின் பெயரைக் கேளுங்கள். சோனியின் ஐஎம்எக்ஸ் 335 என்றால் அது 50 லட்சம் புள்ளி உணரி. அதிலிருந்து உண்மையான 4கே வர வழியில்லை, ஆனால் இடைத்தரமான 1440பி நன்றாக வரும். பெயரே சொல்லாத கேமராவைத் தள்ளிவைக்கலாம்.

எவ்வளவு விலை கொடுத்தாலும் இரவில் எதிரே விரைந்து வரும் வண்டியின் எண் சுலபத்தில் கிடைக்காது. மணிக்கு 60 கி.மீ. என்பது நொடிக்கு 16.7 மீட்டர். இரண்டு வண்டியும் அந்த வேகத்தில் நேருக்கு நேர் நெருங்கினால் நொடிக்கு 33 மீட்டர். இருட்டில் ஒளி போதாமல் கேமரா ஒரு படத்துக்கு நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் கண்ணைத் திறந்து வைத்தால், அதற்குள் ஒரு மீட்டருக்கு மேல் நெருக்கம் மாறிவிடுகிறது. எழுத்துகள் இழுபட்டுப் போகும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டுகள் ஒளியை வந்த திசைக்கே திருப்புபவை. நம் ஹெட்லைட் பட்டால் கேமராவில் வெறும் வெள்ளைச் செவ்வகமாக எரியும். இதற்கு ஒரு கைவைத்தியம் இருக்கிறது: எண் கண்ணில் பட்டவுடன் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். மைக் அதைப் பிடித்துக்கொள்ளும். படத்தில் கிடைக்காத எண் குரலில் கிடைக்கும். மைக் எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதை உடன் வருபவர்களிடம் சொல்லிவிடுவதும் நம் பொறுப்பு.

பொருத்தும் இடம் காருக்குள் இருக்கும் பின்நோக்குக் கண்ணாடியின் பின்புறம், வைப்பர் துடைக்கும் எல்லைக்குள். உறிஞ்சு கிண்ணத்தைவிட ஒட்டுப் பட்டை வெயிலில் நன்றாக நிற்கும். டேஷ்போர்டில் பிள்ளையாரும் அருகே ஒரு முழம் மல்லிகையும் வைத்திருந்தால், பகலில் அவற்றின் பிம்பம் முன்கண்ணாடியில் விழுந்து சாலைக் காட்சியின் மேல் மிதக்கும். துருவமுனைப்பு வடிகட்டி ஒன்றை லென்ஸில் மாட்டினால் இது பெருமளவு குறையும். ஒயரை முன்கண்ணாடியோரத் தூணான ஏ பில்லரின் உறைக்குள் செருகும்போது கவனம் தேவை. பக்கத்திரை ஏர்பேக் உள்ள காரில் அது அங்கேதான் மடிந்து கிடக்கும். ஒயர் அதன் முன்னால் குறுக்கே போகக் கூடாது, பின்னால் போக வேண்டும். அவசரத்தில் செருகிவிட்டு அனுப்பும் கடைகளும் உண்டு. பக்கத்தில் நின்று பாருங்கள். நிறுத்திய வண்டியையும் படம் பிடிக்கும் பார்க்கிங் வசதி வேண்டுமானால் ஃப்யூஸ் பாக்ஸிலிருந்து தனி இணைப்பு எடுக்க வேண்டும். பேட்டரி 12 வோல்ட்டை ஒட்டி இறங்கியதும் தானே துண்டிக்கும் சாதனம் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காலையில் வண்டி கிளம்பாது.

சாதாரண டேஷ்கேம் பதிவு எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு ஓர் உதாரணம். 2013 பிப்ரவரி 15 காலை, ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் சுமார் 20 மீட்டர் அகலமுள்ள விண்கல் ஒன்று நொடிக்கு 19 கி.மீ. வேகத்தில் நுழைந்து, தரையிலிருந்து 30 கி.மீ. உயரத்தில் வெடித்தது. அதிர்வலையில் சன்னல்கள் நொறுங்கி ஏறத்தாழ 1,500 பேர் காயமடைந்தார்கள். அந்த ஒளிப்பிழம்பு உலகம் முழுதும் தெரிந்ததற்குக் காரணம் அங்கே கார்களில் ஓடிக்கொண்டிருந்த சாதாரண டேஷ்கேம்கள். அறிவியலாளர்கள் பதிவு நடந்த இடங்களுக்கே போய், இரவில் அங்கிருந்து விண்மீன்களைப் படமெடுத்து, காட்சியில் தெரிந்த கட்டடங்களையும் கம்பங்களையும் வைத்துத் திசைகளை அளந்தார்கள். அதிலிருந்து கல் வந்த பாதையும் சூரியனைச் சுற்றி அது ஓடிய சுற்றுப்பாதையும் கிடைத்தன. இதைப் படித்தபோது என் கண்ணாடியில் ஒட்டியிருந்த அந்தச் சின்னப் பொருளின் மேல் எனக்குப் புதிதாக ஒரு மரியாதை வந்தது.

அங்கே ஒரே நிகழ்வுக்குப் பல சாட்சிகள். நம் விபத்துக்கு இருப்பது ஒரே கேமரா. அதன் கடிகாரம் ஏதோ ஒரு ஜனவரி 1-ஐக் காட்டினால் பதிவின் மதிப்பு கேள்விக்குள்ளாகும். மலிவான கேமராக்கள் பத்து நாள் சும்மா இருந்தால் நேரத்தை மறந்துவிடும். ஊருக்குப் போய்த் திரும்பினால் முதலில் தேதியைச் சரிபாருங்கள். ஜிபிஎஸ் உள்ளதோ, கைபேசிச் செயலியிலிருந்து நேரத்தை வாங்கிக்கொள்வதோ என்றால் இந்தத் தொல்லை இல்லை.

மோதல் நடந்துவிட்டால், ஆட்களைக் கவனித்த பிறகு, கோப்பைப் பூட்டும் பொத்தானை அழுத்துங்கள். அந்தத் துண்டு முடிந்ததும் கேமராவை நிறுத்திக் கார்டை வெளியே எடுத்துவிடுங்கள்; வண்டியை மணிக்கணக்கில் ஓட்டிக்கொண்டே போனால் பூட்டப்படாத சற்று முந்தைய துண்டுகள் அழிந்து போகலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவு, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தருவதற்குச் சான்றிதழ் ஒன்றைக் கேட்கிறது. அதன் படிவத்தில் கோப்பின் 'ஹாஷ்' மதிப்பைக் குறிக்க இடம் இருக்கிறது. ஹாஷ் என்பது கோப்பின் கைரேகைபோல. உள்ளே ஒரு பிட் மாறினாலும் முற்றிலும் வேறாகிவிடும். வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு வேறு கோப்பாகிவிடுகிறது. அதனால் குடும்பக் குழுவுக்கு ஒரு நகலை அனுப்புங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு நகலைக் கொடுங்கள். மூலக் கார்டை ஓர் உறையில் போட்டு, தேதியும் வண்டி எண்ணும் எழுதி பீரோவில் வைத்துவிட்டு, கேமராவில் புதுக் கார்டைப் போடுங்கள்.