கூகுளின் செக்ரோல்

போன மாதம் எங்கள் ஊரான அம்பாங் பெச்சாவில் ஓர் ஒட்டுக்கடையில் மீ கோரேங் சாப்பிட்டுக்கொண்டே என் பெரியப்பா மகன் கைப்பேசியில் 'பின்ஜாமான் செகெரா', அதாவது உடனடிக் கடன், என்று தட்டினார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு மூவாயிரம் வெள்ளி குறைந்தது. திரையில் முதலில் வந்தவை எல்லாம் விளம்பரங்கள். ஒன்றைத் தொட்டார். பெயர், ஐசி எண், சம்பளம், கைப்பேசி எண் என்று கேட்டதை எல்லாம் நிரப்பி அனுப்பினார். மாலைக்குள் வாட்ஸ்அப்பில் மூன்று பேர். முன்பணமாக முந்நூறு வெள்ளி கட்டினால் கடன் கைக்கு வந்துவிடுமாம். அண்ணி பக்கத்தில் இருந்ததால் பணம் தப்பியது. அழைப்புகள் இன்னும் நிற்கவில்லை.

"நான் தேடுனது இவனுங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டார். விவரத்தை எழுதிக் கொடுத்ததே நீங்கள்தான் அண்ணே என்றேன். ஆனால் அவர் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. தேடுபொறிக்குக் காசு விளம்பரத்தில் இருந்து வருகிறது. 'உடனடிக் கடன்' என்ற சொல்லை யார் தட்டினாலும் அவர் முன்னால் முதலில் நிற்க விளம்பரதாரர்கள் ஏலம் கேட்கிறார்கள். உங்கள் பெயரை கூகுள் அவர்களுக்குக் கொடுப்பதில்லை. இந்த நேரத்தில், இந்த ஊரில், பணமுடையில் இருக்கும் ஒருவரை அவர்கள் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. நீங்கள் தட்டிய சொல், நேரம், இடம், தொட்ட பக்கம் எல்லாம் உங்கள் கணக்கின் பேரில் பதிவாகின்றன.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது புதிதில்லை. கிராணியின் செக்ரோல், அதாவது தோட்ட எழுத்தரின் வருகைப் பதிவேடு, நினைவிருக்கும். யார் பெரட்டுக்கு வந்தார், எத்தனை நாள் பேர் விழுந்தது, எவ்வளவு பிடித்தம் என்று குடும்பத்தின் நிலவரமே அந்தப் புத்தகத்தில் இருந்தது. அது கம்பெனியோடு நிற்கவும் இல்லை. 1907ல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்ட பிறகு, ஆட்கள் வேலை செய்த நாள் கணக்கைக் காட்டித்தான் தோட்ட முதலாளிகள் அரசாங்கத்துக்கு வரி கட்டினார்கள். துரை எழுதினார், கவர்மெண்ட் படித்தது. பேருக்கு உரியவன் மட்டும் அதைப் பார்த்ததே இல்லை.

அதே தோட்ட நிலத்தில்தான் இப்போது புதிய செக்ரோல். 2024 மே 30 அன்று கூகுள் மலேசியாவில் 200 கோடி அமெரிக்க டாலர் முதலீட்டை அறிவித்தது. அதன் தரவு மையத்துக்கு அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது, சுங்கை பூலோவை ஒட்டிய எல்மினா வணிகப் பூங்காவில். சைம் டார்பி தோட்டமாக இருந்த மண் அது. இன்னொரு பக்கம், 4,45,000 அரசு ஊழியர்களுக்கு கூகுளின் செயற்கை நுண்ணறிவுக் கருவியை அரசாங்கம் வழங்குகிறது. 2019 ஜூலையில் இருந்து பள்ளிகளில் கூகுள் வகுப்பறை, 2020ல் இருந்து டெலிமா என்ற கல்வி அமைச்சின் கற்றல் தளம். வேலை வரட்டும், வசதி வரட்டும், வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆனால் கடிவாளம் போட வேண்டியவரும் போடப்பட வேண்டியவரும் ஒரே மேசையில் விருந்து சாப்பிட்டால், மேசைக்குக் கீழே இருக்கும் நம்மைப் பற்றி யார் பேசுவது?

இரண்டு சம்பவம் சொல்கிறேன். இணையத்தில் நாம் தட்டும் முகவரியை எண்ணாக மாற்றித் தரும் ஒரு தொலைபேசிப் புத்தகம் உண்டு, டிஎன்எஸ் என்பார்கள். பலர் தங்கள் இணையச் சேவை நிறுவனத்தின் புத்தகத்தை விட்டுவிட்டு கூகுள், கிளவுட்ஃபிளேர் வைத்திருக்கும் புத்தகத்தைப் பயன்படுத்துகிறார்கள். 2024 செப்டம்பரில், அப்படிப் போகும் கேள்விகளை உள்ளூர் நிறுவனங்களின் புத்தகத்துக்கே திருப்பிவிடும்படி எம்சிஎம்சி, அதாவது தொடர்பு பல்லூடக ஆணையம், உத்தரவிட்டது. சூதாட்ட, ஆபாசத் தளங்களைத் தடுக்கத்தான் என்றார்கள். மக்கள் கூச்சல் போட்டார்கள். ஓரிரு நாளில் அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் அதை நிறுத்தச் சொன்னார். கூச்சல் வேலை செய்யும் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது 2025 ஜூன். ஜனவரி முதல் மார்ச் வரையிலான கைப்பேசித் தரவை ஒப்படைக்கும்படி தொலைத்தொடர்பு நிறுவனங்களை அதே ஆணையம் கேட்டது வெளியே வந்தது. சுற்றுப்பயணிகள் எண்ணிக்கை, இணையப் பயன்பாடு போன்ற புள்ளிவிவரத்துக்கு மட்டும்தான், பெயர் எதுவும் கிடையாது என்று விளக்கம் தந்தார்கள்.

பெயர் இல்லை என்றால் பயமில்லையா? 2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம், ஆராய்ச்சிக்கு என்று சுமார் ஆறரை லட்சம் பேரின் இரண்டு கோடித் தேடல்களை வெளியிட்டது. பெயருக்குப் பதில் எண். நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் 4417749 என்ற எண்ணை எடுத்து, அவர் தட்டிய ஊர்ப் பெயர், குடும்பப் பெயர், நாயின் தொல்லை, கை நடுக்கம் எல்லாவற்றையும் கோத்து, ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு மூதாட்டியின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள். அம்பாங் பெச்சா மாதிரிச் சின்ன ஊரில் ஒருவரைக் கண்டுபிடிக்க அவ்வளவு சிரமம்கூட வேண்டாம். தினமும் விடியற்காலையில் எந்தத் தாமானில் இருந்து எந்தச் செம்பனைத் தோட்டத்துக்கு ஒரு கைப்பேசி போகிறது என்று தெரிந்தால், பக்கத்து வீட்டுக்காரரே பேரைச் சொல்லிவிடுவார்.

எங்கள் ஊரின் பெயருக்கே உடைந்த அணை என்று பொருள். 1883ல் அணை உடைந்து கோலகுபுவை வெள்ளம் அடித்ததில் வந்த பெயர். தரவு அணையும் இந்த நாட்டில் உடைந்திருக்கிறது. 2017ல் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரம், ஐசி எண், முகவரியோடு வெளியே போனது. நாட்டின் மக்கள்தொகையைவிட அதிகம்.

சட்டம் இருக்கிறதா? இருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010ல் நிறைவேறி, 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. ஒரு நிறுவனம் உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறது என்று எழுதிக் கேட்டால் 21 நாளில் பதில் வர வேண்டும். தவறைத் திருத்தச் சொல்லலாம், விளம்பர அழைப்பை நிறுத்தச் சொல்லலாம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். 2025 ஜூன் 1 முதல், தரவு கசிந்தால் 72 மணி நேரத்தில் ஆணையருக்குச் சொல்ல வேண்டும். பெரிய பாதிப்பு நேரக்கூடியவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். சட்டத்தின் கொள்கைகளை மீறினால் அபராதம் 10 லட்சம் வெள்ளி வரை. நிறுவனம் தரும் அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பாட்டிக்கு வீட்டுப் பிள்ளைதான் படித்துச் சொல்ல வேண்டும்.

ஓட்டை எங்கே என்றால் மூன்றாம் பிரிவில். மத்திய அரசுக்கும் மாநில அரசுகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. வெளிநாட்டில் கையாளப்படும் தரவும், மீண்டும் இங்கே கையாளும் நோக்கம் இல்லாவிட்டால், இதற்கு வெளியே. நிறுவனத்தின் கையில் இருக்கும்வரை உங்கள் தரவுக்கு வேலி உண்டு. அரசாங்கத்தின் கைக்கு மாறியதும் இந்த வேலி கிடையாது. 2025 ஏப்ரல் 28 முதல் நடப்பில் உள்ள தரவுப் பகிர்வுச் சட்டம், மத்திய அரசுத் துறைகள் தங்களுக்குள் தரவைக் கொடுத்து வாங்க வழி செய்கிறது.

நீதிமன்றம் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. பின்னாளில் சுங்கை பூலோ நாடாளுமன்ற உறுப்பினரான சிவராசா ராசையா, வழக்கறிஞர் மன்றத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் தோற்றார். ஆனால் அந்தத் தீர்ப்பில்தான் கூட்டரசு நீதிமன்றம், அரசியல் சட்டத்தின் ஐந்தாம் விதி தரும் தனிமனிதச் சுதந்திரத்தில் அந்தரங்க உரிமையும் அடக்கம் என்றது. நல்ல தோல்வி.

சட்டம் திருந்தும்வரை நம் வாசலை நாமே சாத்திக்கொள்வோம். கூகுள் கணக்கில் 'மை ஆக்டிவிட்டி' பக்கத்தைத் திறந்து பாருங்கள். நீங்களே மறந்த தேடல்கள் தேதியோடு நிற்கும். மூன்று மாதத்துக்கு மேற்பட்டவை தானாக அழியும்படி அங்கேயே அமைக்கலாம். நோய், கடன், வழக்கு பற்றித் தேட டக்டக்கோ, ஸ்டார்ட்பேஜ் போன்றவற்றைப் பயன்படுத்தலாம். 'இன்காக்னிட்டோ'வை நம்பி இருக்காதீர்கள். அது உங்கள் கைப்பேசியில் தடத்தை விடாது, அவ்வளவுதான். இன்காக்னிட்டோவில் இருந்தபோதும் கூகுளிடம் சேர்ந்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க 2024ல் அமெரிக்க வழக்கொன்றில் கூகுள் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

ஒரே கைப்பேசியைப் பிள்ளையும் அப்பாவும் பயன்படுத்தும் வீடுகளுக்கு ஒரு சொல். பிள்ளையின் டெலிமா கணக்கு திறந்திருக்கும்போது உங்கள் தேடலைச் செய்யாதீர்கள். அந்தக் கணக்கின் நிர்வாகம் கல்வி அமைச்சின் பக்கம்.

மோசடியில் பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 997 என்ற மோசடிப் புகார் எண்ணை அழையுங்கள். தரவைத் தவறாகப் பயன்படுத்திய நிறுவனத்தின் மீது தனிநபர் தரவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுங்கள். படிவத்தின் திரைப்பிடிப்பும் வாட்ஸ்அப் எண்ணும் கையில் இருக்கட்டும். என் அண்ணன் கோபத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்.

அடுத்த தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு அம்பாங் பெச்சாவுக்கோ நைகல் கார்ட்னர் தோட்டத்துக்கோ வருபவரிடம் வீடும் சாலையும் கேளுங்கள். கூடவே, மூன்றாம் பிரிவை எப்போது திருத்துவீர்கள் என்றும் கேளுங்கள்.