கார்புரேட்டரை மாற்றுமுன்

ராதாபுரம் பக்கம் பழைய புல்லட்டைப் பட்டறையில் நிறுத்தி, "ஸ்லோவுல நிக்க மாட்டேங்குது அண்ணாச்சி" என்றால் போதும். "கார்புரேட்டர் போச்சுல்லா, புதுசு போட்டுருவோம்" என்று பதில் வரும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபின் ஷோரூம் புல்லட்டுக்குக் கார்புரேட்டரே கிடையாது, எல்லாம் இன்ஜெக்‌ஷன். ஜெட்டைக் கழற்றி ஊதிப் பார்க்கும் பொறுமையும் அதோடு குறைந்துவருகிறது. புதுசு மாட்டுவது சுலபம். காசு மட்டும் நம்முடையது.

முதலில் கோளாறு கார்புரேட்டரில்தானா என்று பாருங்கள். இன்ஜின் ஓடும்போது, கார்புரேட்டர் ஹெட்டில் சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தடவினால் ஓசை மாறுகிறதா? அங்கே காற்று உறிஞ்சுகிறது. நட்டை முறுக்கு முறுக்கென்று முறுக்கியதில் ஃபிளாஞ்ச் வளைந்திருக்கும். கண்ணாடிமேல் எமரித்தாளை விரித்துத் தேய்த்துச் சமமாக்கி, புது பேக்கிங் வைத்தால் வேலை முடிந்தது. பித்தளை மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் குலுங்கினால் அது ஓட்டை. ஓவர்ஃப்ளோவுக்கு அதுவோ, தேய்ந்த மிதவை ஊசியோதான் பெரும்பாலும் காரணம். இதற்கெல்லாம் ரிப்பேர் கிட் போதும்.

சிலைடு விஷயம் வேறு. அது ஏறி இறங்கும் குழாயின் ஒரு பக்கம் பளபளவென்று தேய்ந்து, சிலைடு கடகடவென்று ஆடினால் கிட் உதவாது. புதுச் சிலைடு போட்டாலும் தேய்ந்த குழாய் தேய்ந்ததுதான். பழைய இரும்புக்கடையில் வாங்குவோர் இதைப் பார்க்காமல் பணம் கொடுக்கக்கூடாது.

சரி, மாற்றியே ஆகவேண்டும் என்றால் எதை? 1955-ல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் ஆரம்பகால வண்டிகளில் அமல் மோனோபிளாக் இருந்தது. பின்னால் மிகுனி விஎம் வடிவத்திலான மிக்கார்ப் வந்தது, 350-க்கு 24 மி.மீ. அமல் இன்றும் இங்கிலாந்தில் தயாராகிறது. கண்காட்சிக்கு வண்டி வைத்திருப்பவர் வரவழைக்கட்டும். தோட்டத்துக்குப் போய்வரும் வண்டிக்கு அந்தச் செலவு வீண். விஎம் 24 மி.மீ. போதும்.

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 28 மி.மீ. சீன நகல்களைப் பார்த்து மயங்கவேண்டாம். பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் 346 சிசி, 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், மெதுவாக இழுக்கப் பிறந்தது. வாய் பெரிதானால் குறைந்த வேகத்தில் காற்றோட்டம் தளர்ந்து பெட்ரோல் சரியாகச் சிதறாது. ஜெட் பொருத்திப் பொருத்தியே மிச்சம் பிடித்த காசு கரையும்.

காற்றாலைகள் சுழலும் ஊரில் புழுதிக்குப் பஞ்சமில்லை. ஸ்டைலுக்காக ஃபில்டர் டப்பாவைக் கழற்றி எறிந்தால் புதுச் சிலைடும் சீக்கிரம் தேயும். எத்தனால் 20 சதவீதம் கலந்த இன்றைய பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊதவைக்கும். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுங்கள்.

ட்யூனிங்கை இன்ஜின் சூடேறியபின் செய்யுங்கள். பிளக் நுனி வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரி அப்பியிருந்தால் அதிகம், இளம்பழுப்பு என்றால் சரி. ஆனி, ஆடியில் வள்ளியூர் போகும்போது காற்று எதிர்க்கும், திரும்பும்போது தள்ளிவிடும். போனதை மட்டும் வைத்து மைலேஜ் கணக்குப் போட்டுவிட்டு மெக்கானிக்கோடு சண்டைக்குப் போகாதீர்கள்.