சேலையைப் படம் பிடிக்க ஒரு சன்னல் போதும்

தறியிலிருந்து அறுத்த சேலையைக் கடை வாயிலில் விரித்துக் காட்டினால், வாங்குவோர் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அதன் நிறத்தைத் தெளிந்து கொள்வர். வெளியூர் அன்பர்களோ கைப்பேசியில் வரும் படத்தை நம்பியே பணம் அனுப்புகின்றனர். படத்தில் அரக்காகத் தோன்றியது கையில் குங்குமச் சிவப்பாக இருப்பின் சேலை திரும்பி வருகிறது. அஞ்சற் செலவு இரட்டிப்பாகிறது. மடிப்புக் கலைந்த சரக்குக்குப் பழைய விலையும் கிடைப்பதில்லை. ஆதலின், நெசவாளர் இல்லத்திலேயே சிறு செலவில் ஒரு படப்பிடிப்பு மூலை அமைக்கும் வகையை ஈண்டுக் கூறுகிறோம்.

விலையுயர்ந்த காமிரா வேண்டுவதில்லை. வீட்டிலுள்ள கைப்பேசியே போதும். கருத்துச் செலுத்த வேண்டுவது ஒளியில்.

மேனாட்டு நூல்கள் வடக்கு நோக்கிய சன்னலைப் போற்றும். நேர்வெயில் விழாது, ஒளி சீராக இருக்கும் என்பது காரணம். நம் நாட்டில் இவ்விதி ஆண்டு முழுவதும் செல்லாது. காஞ்சிபுரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் உள்ளது. சித்திரைப் பிற்பகுதி முதல் ஆவணி பிறக்கும் வரை, நண்பகற் கதிரவன் அங்கே உச்சிக்கும் சற்று வடக்கே செல்கிறான். அந்நாட்களில் சன்னலில் மெல்லிய வெள்ளை மல் துணியைக் கட்டுக. நெசவாளர் வீட்டில் துணிக்கா பஞ்சம்! குழித்தறியே சன்னலடியைப் பிடித்துக் கொண்ட இல்லங்களில் திண்ணை நிழல் உதவும்; ஆயினும் திறந்த வானத்தின் நீலச்சாயல் அங்கே துணியில் ஏறுவதுண்டு.

சன்னலுக்குப் பக்கவாட்டில், மூங்கிற் கழியில் சேலையைத் தொங்கவிடுக. எதிர்ப்புறம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பலகையை நிறுத்தினால் நிழற்பக்கமும் தெளியும். சுவரில் பச்சையோ நீலமோ பூசியிருப்பின் அந்நிறம் துணியின்மேல் படியும். வெள்ளை வேட்டியால் சுவரை மறைத்து விடுக. மின்விளக்கை அணைத்து விடுதல் மிக முக்கியம். பகலொளியும் விளக்கொளியும் கலந்தால் கருவி எதனை வெண்மையென்று கொள்வதெனத் தடுமாறும். மஞ்சள் பயிரிடும் அன்பர்களும் இதனைக் கவனித்தல் நலம்; விளக்கொளியில் எடுத்த விரலி மஞ்சளின் நிறத்தை எந்த வியாபாரியும் நம்பான்.

சரிகைதான் பெருந்தொல்லை. கைப்பேசியின் மின்னல் விளக்கை ஒருபோதும் பயன்படுத்தற்க. அதன் நேரொளியில் சரிகை வெறும் வெள்ளைப் பட்டையாகிவிடும். பக்கத்திலிருந்து சாய்ந்து வரும் ஒளியே புட்டாவையும் இழையையும் எடுத்துக் காட்டும். மயில்கழுத்துச் சேலைக்கோ ஒரு படம் போதாது. பாவு ஒரு நிறமும் ஊடை வேறு நிறமுமாக அமைவதால், நிற்குமிடத்தை மாற்றி இரு படங்கள் எடுத்து இரண்டையும் அனுப்புதலே நேர்மை.

வெள்ளை வேட்டி படத்தில் சாம்பல் பூத்தாற்போல் விழுவதைப் பலர் கண்டிருப்பர். எதனையும் நடுத்தர வெளிச்சமாகவே கணக்கிடுவது கருவியின் இயல்பு. திரையில் துணியைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டுக. கருநிறப் பட்டுக்குக் குறைத்திடுக.

துணிக்கும் படத்துக்கும் உறவு பழையது. இங்கிலாந்தில் இக்கலையை வகுத்தவருள் ஒருவரான தால்பாட், 1844 முதல் 1846 வரை பகுதிகளாக வெளியிட்ட தம் நூலில் ஒரு பின்னல் துணியின் உருவத்தையும் சேர்த்திருந்தார்.

எடுத்த படத்தைச் சேலையின் அருகே சன்னலடியில் பிடித்து, வீட்டில் மற்றொருவரிடமும் காட்டி ஒப்பு நோக்குக. வாங்குவோரின் திரை எத்தகையது என்பது நம் கையில் இல்லை. எனவே ஒரு படத்தில் துணியோரம் வெள்ளைத் தாளொன்றையும் வைத்தெடுத்து, அரக்கு, மாம்பழ மஞ்சள் என நிறத்தின் பெயரையும் எழுத்தில் சேர்த்தே அனுப்புக.